வாத்தியாரின் இரண்டாம் வட்டு

திருமூலர் கதையைப் பெரியபுராணம் சொல்லும் விதத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். கயிலையிலிருந்து தெற்கே வந்த யோகி, சாத்தனூரில் மூலன் என்ற ஆயன் இறந்து கிடப்பதையும் அவனைச் சுற்றி நின்று பசுக்கள் கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயர் தீர்க்கத் தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் உடல் இல்லை. இறைவன் அருள் என்று புராணம் அதை விளக்கிவிடுகிறது. எனக்கு மட்டும் அந்த ‘வைத்த இடம்’ நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கூடு விட்டுக் கூடு பாய்வதில் பாய்ச்சல் பெரிய காரியமல்ல. விட்ட கூட்டை எங்கே வைப்பது, யாரை நம்பி வைப்பது என்பதுதான் பெரிய காரியம்.

இதை ஒரு கணினி விஷயத்துக்காகச் சொல்கிறேன். இலக்கிய வாசகர்களுக்குக் கணினிக் கட்டுரை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இது விக்கிரமங்கலத்துத் தமிழ் வாத்தியார் ஒருவர் சேர்த்து வைத்த பாட்டுகளைப் பற்றியது. அந்தப் பாட்டுகளை இன்று படிப்பதற்குக் கூடு விட்டுக் கூடு பாய்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது.

(உசிலம்பட்டிப் பக்கத்திலும் ஒரு விக்கிரமங்கலம் உண்டு. சமணர் குகைகளுக்கும் தமிழிக் கல்வெட்டுகளுக்கும் பேர்பெற்றது அது. நான் சொல்வது அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் விக்கிரமங்கலம்.)

*

வாத்தியார் 1999இல் ஒரு கணினி வாங்கினார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தன. ஊரில் அது ஒரு செய்தி. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அவருடையவை. ஆகவே அச்சகங்களில் அப்போது புழங்கிய ஒரு தமிழ் மென்பொருளையும், அதற்கென்றே அமைந்த எழுத்துருவையும், பழைய தட்டச்சு முறையிலான விசைப்பலகை அமைப்பையும் யாரோ ஓர் அச்சகத்து நண்பர் மூலம் பெற்று வைத்துக்கொண்டார். அதிலிருந்து சுமார் எட்டாண்டுகள், சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்கள் பாடும் நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் கேட்டுக் கையால் எழுதி வந்து, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். 300க்குச் சற்று மேற்பட்ட கோப்புகள். கையெழுத்துத் தாள்களில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது கணினிக்குள் இருந்த வட்டு ஒன்றுதான்.

அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின்னர், அவருடைய மகள் அந்த வட்டைக் கழற்றி ஒரு துணிப்பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். அக்கா கேட்டது ஒன்றுதான். “அப்பா எழுதுனது எல்லாம் இதுலதான் இருக்கு தம்பி. எனக்கு அச்சடிச்சுக் குடுக்க வேணாம். நான் ஒக்காந்து படிக்கிற மாதிரி பண்ணிக் குடு, போதும்.”

கேட்பதற்கு எளிய கோரிக்கை. அதன் கடினம் தமிழ் எழுத்துகள் கணினிக்குள் புகுந்த வரலாற்றில் இருக்கிறது.

*

ஒருங்குறியில் தமிழுக்கு இடம் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளும் அச்சகங்களும் அதைப் பயன்படுத்தும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு வழி. ஆங்கில எழுத்துகள் உட்கார வேண்டிய இருக்கைகளில் தமிழ் எழுத்து வடிவங்களை உட்கார்த்தி வைத்தார்கள். ஒரு மென்பொருளில் ‘க’ உட்கார்ந்த இருக்கையில் இன்னொன்றில் ‘ப’ உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையென்றால் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும், அதையடுத்துத் தமிழக அரசு அறிவித்த விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த வந்தவை. இணையத்தில் புழங்கியவர்கள் திஸ்கியைப் பின்பற்றினார்கள். 2010இல்தான் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அந்தத் திட்டத்தின் மின்னூல்களும் ஒரே குறியீட்டில் பிறந்து அதிலேயே வாழ்ந்தவை அல்ல. மயிலை, இணைமதி என்ற எழுத்துருக்களில் தொடங்கி, திஸ்கிக்கு மாறி, பிறகு ஒருங்குறிக்கு வந்தவை. தன்னார்வலர்கள் பலர் உழைத்து ஒவ்வொரு முறையும் இடம்பெயர்த்ததால் அவை இன்று நம் கண்ணுக்குத் தெரிகின்றன. தனிமனிதர்களின் வட்டுகளில் கிடந்தவற்றை அப்படி இடம்பெயர்க்க யாரும் இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் தட்டச்சு செய்யப்பட்டு, இன்று எவராலும் திறக்க முடியாமல் பரண்களில் கிடக்கும் தமிழ் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஓலையைக் கரையான் தின்றால் ஓட்டையாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே வட்டு முழுசாக இருக்கிறது, கோப்பும் முழுசாக இருக்கிறது, வாசிப்பு மட்டும் செத்துப்போய்விட்டது.

*

செத்த வாசிப்பை எழுப்புவதற்கு உள்ள வழிகளில் ஒன்று மெய்நிகர் கணினி. கணினிக்குள் ஒரு மென்பொருள், தன்னை இன்னொரு கணினியாகவே பாவித்து நடிக்கிறது. அந்த நடிப்பை நம்பி ஒரு பழைய இயங்குதளம் அதற்குள் எழுந்து நடமாடுகிறது. இந்த எண்ணம் புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் 1960களிலேயே, ஒரே பெருங்கணினியைப் பலருக்கும் பல கணினிகளாகக் காட்டும் முயற்சி நடந்து வெற்றி பெற்றது. 1972இல் அது விற்பனைப் பொருளாகவும் வந்தது. உண்மையான வட்டின் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்து ‘இது உன் முழு வட்டு’ என்று உள்ளே இருப்பவரை நம்பவைக்கும் ஏற்பாடும் அப்போதே இருந்தது. நம்முடைய மேசைக் கணினிகளுக்கு இந்த வித்தை 1999இல் வி.எம்.வேர் மூலமாக வந்தது. இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸ் 2007இல் வந்தது. நான் பயன்படுத்தியது பின்னதை.

மெய்நிகர் கணினியின் வட்டு என்பது வெளியே இருக்கும் கணினிக்கு வெறும் ஒரு கோப்பு. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கோ அது ஒரு முழு வட்டு. சுழல்வதாகவும் தடங்கள் இருப்பதாகவும் அது நம்புகிறது. கோப்புதான் என்பதால் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கணினிக்குள்ளேயும் வைக்கலாம், யுஎஸ்பியில் செருகும் வெளி வட்டிலும் வைக்கலாம். ஒரு வட்டோடு நிறுத்தவும் வேண்டியதில்லை. இயங்குதளம் ஒரு வட்டில், எழுத்துகள் இன்னொரு வட்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். வாத்தியாரின் காரியத்துக்கு இந்தப் பிரிவினைதான் அடித்தளம் ஆனது.

முதலில் செய்தது அவருடைய பழைய வட்டைத் தொடாமல் முழுதாகப் படியெடுத்தது. பழைய ஐடிஇ வகை வட்டை யுஎஸ்பியாக மாற்றித் தரும் ஒரு கம்பியை வாங்கி, கோப்புகளை மட்டும் தனியே பிரித்தெடுக்காமல், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை அப்படியே ஒரே கோப்பாக எடுத்தேன். வெற்றிடமும் அழித்த கோப்புகளின் மிச்சமும் உட்பட அனைத்தும் அதில் உண்டு. நூலகத்தார் ஓலைச்சுவடியை நுண்படம் எடுக்கும்போது எழுதாத ஏட்டையும் சேர்த்து எடுப்பதைப் போன்றது இது.

அவருடைய வட்டு 4.3 ஜிகாபைட். அந்நாளில் அது பெரிய வட்டு. கடைகளில் வாங்கும் விரல் வட்டுகளும் சில வெளி வட்டுகளும் எஃப்ஏடி32 என்ற முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. வாத்தியாரின் வட்டு, படமாக எடுத்தால், அந்த எல்லையை மயிரிழையில் தாண்டியது. வட்டு நிறைய இடம் காலியாகக் கிடந்தாலும் இந்த ஒரு கோப்பு அதில் ஏறாது. எனவே புதிதாக வாங்கிய வெளி வட்டை முதலில் என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிட்டுத்தான் படியை அதில் வைத்தேன். வர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கருவியால், அந்தப் படியை மெய்நிகர் வட்டாக மாற்றுவது ஒரு வரிக் கட்டளை.

அவர் வட்டையே முதல் வட்டாக வைத்து, அவருடைய விண்டோஸ் 98ஐயே எழுப்பலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எழுப்பலாம். ஆனால் இயங்குதளம் எழும்போது சும்மா எழுவதில்லை. புதிய வன்பொருளைக் கண்டதும் தன் குறிப்பேடுகளைத் திருத்தும், தற்காலிகக் கோப்புகளை எழுதும், சிலவற்றை அழிக்கும். வாத்தியாரின் வட்டு ஒவ்வோர் எழுப்புதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாத்தியாருடையதாக இல்லாமல் போகும். ஆகவே விண்டோஸ் எக்ஸ்பியை முதல் வட்டில் நிறுவினேன். அதற்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன என்பதால் இணையத் தொடர்பை அடியோடு துண்டித்தேன். வாத்தியாரின் வட்டு இரண்டாம் வட்டாக, அமைதியாக, கேட்டால் மட்டும் பேசும் முதியவரைப் போல, வெளி வட்டில் இருந்தபடி இணைந்தது. எக்ஸ்பி அதன் கோப்புறைகளை உடனே அடையாளம் கண்டுகொண்டது. எழுத்துருவை அதிலிருந்தே எடுத்து நிறுவினேன். பழைய மென்பொருள் தன் கோப்புறையிலிருந்தே ஓடியது.

இப்படி வெளி வட்டில் இரண்டாம் வட்டை வைப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வெளி வட்டைச் செருகாமல் மெய்நிகர் பொறியைத் தொடங்கினால் அது எழாது. வட்டைக் காணோம் என்று சொல்லி நின்றுவிடும். செருகினாலும், விண்டோஸ் கணினியில் அதற்கு நேற்று ‘இ’ என்ற எழுத்தும் இன்று ‘எஃப்’ என்ற எழுத்தும் கிடைத்தால், பாதை மாறிப்போய் அதே கதைதான். ஒரு நிலையான எழுத்தை அதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும். பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியைப் பிடுங்குவது, எழுதிக்கொண்டிருப்பவரின் கையிலிருந்து தாளைப் பிடுங்குவதற்குச் சமம். பொறியை முழுதாக அணைத்து, பிறகு வெளி வட்டை முறைப்படி விடுவித்து, அதன்பின் கழற்ற வேண்டும். ‘நிலையைச் சேமித்து’ உறங்க வைத்துவிட்டு வட்டைக் கழற்றுவது இன்னும் ஆபத்து. விழித்தெழும் பொறி, தன் வட்டு தான் விட்ட நிலையிலேயே இருக்கிறது என்று நம்பி எழுதத் தொடங்கும். திருமூலர் நம்பியதைப் போலத்தான்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் மின்வெட்டு அதைப் பாதிக்காது. ஆனால் பெரிய, 3.5 அங்குல வெளி வட்டுகளுக்குச் சுவரிலிருந்து தனி மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் கணினி உயிரோடு இருக்கும், வட்டு செத்துவிடும். யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் பெறும் சிறிய, 2.5 அங்குல வட்டே நம் ஊர்களுக்கு ஏற்றது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த வட்டை ‘மாறாதது’ என்று குறித்து வைப்பது. வர்ச்சுவல்பாக்ஸில் அப்படிக் குறித்துவிட்டால், உள்ளே இருப்பவர் அந்த வட்டில் எதை எழுதினாலும் அது மூல வட்டில் சேராது. கணினிக்குள் தனியே இருக்கும் ஒரு வேறுபாட்டுக் கோப்பில் போய் விழும். பொறியை அடுத்தமுறை புதிதாகத் தொடங்கும்போது அந்த வேறுபாடு துடைக்கப்பட்டு, வட்டு பழையபடி நிற்கும். தவறுதலாக ஒரு பாட்டை அழித்தாலும் மறுநாள் அது அங்கேயே இருக்கும். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “அப்பாவும் அப்புடித்தான். நாம என்ன சொன்னாலும் மறுநாளு பழையபடிதான் இருப்பாரு.”

*

இவ்வளவு எதற்கு, கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது அல்லவா என்று எனக்கும் தோன்றியது. மாற்றிகள் இருக்கின்றன; மாற்றியும் பார்த்தேன். சொற்கள் பெரும்பாலும் சரியாகவே வந்தன. நடுநடுவே மட்டும் பொருளற்ற குறிகள் சில வந்து நின்றன. முதலில் அவற்றைக் குப்பை என்றே நினைக்கத் தோன்றும். எந்த மாற்றியும் அவற்றைக் களைந்துவிட்டுத்தான் போகும்.

மெய்நிகர் பொறிக்குள், வாத்தியாரின் சொந்த எழுத்துருவில் அதே பக்கத்தைத் திறந்தபோது அந்த இடங்களில் ஒரு சின்னப் பூ இருந்தது. வேறு சில இடங்களில் விரல் நீட்டிய ஒரு கை. இன்னும் சில இடங்களில் இரட்டைக் கோடு. கல்யாணப் பத்திரிகைகளிலும் துண்டறிக்கைகளிலும் அலங்காரமாக வைக்கும் படங்கள் அவை. அச்சக எழுத்துருக்களில் இத்தகைய படங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒப்பாரியின் நடுவில் பூ எதற்கு?

அக்காவை அழைத்துக் காட்டினேன். திரையைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு மெல்லச் சொன்னார். “அந்தப் பூவு இருக்குற எடத்துல பாட்டு நிக்கும் தம்பி. மேல பாட வராது. அழுதுட்டு அப்புறந்தான் பாடுவாங்க.” கை இருக்கும் இடத்தில், சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். இரட்டைக் கோடு, இழுத்துப் பாடும் இடம். ஒலிப்பதிவு செய்ய வசதியில்லாத ஒரு மனிதர், கையில் கிடைத்த அலங்காரப் படங்களைக் கொண்டு தமக்கென்று ஒரு சுரக்குறிப்பை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். அதை எங்கும் விளக்கி எழுதவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பாட்டின் சொற்களை ஒருங்குறி காப்பாற்றிவிடும். பாட்டின் மூச்சு அந்தப் பழைய எழுத்துருவில், அந்தப் பழைய மென்பொருளில், அந்த இரண்டாம் வட்டில்தான் இருந்தது. பூவை நீக்கிப் படித்தால் ஒப்பாரி ஒரு செய்யுள். பூவோடு படித்தால் அது ஒரு பெண்.

*

எங்கள் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடிக்கு இது தொடர்பாக ஒரு கதை உண்டு. அங்கே முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. தானங்களும் நிலங்களும் விளக்குகளும் அந்தக் கற்களில் எழுதப்பட்டவை. சுவரை இடித்தால் அவையும் போகும். ஆகவே இடிக்கும் முன்பு அத்தனை கல்வெட்டுகளையும் ஒரு புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். கோயில் எழுந்தது. மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்திலிருந்து புதிய சுவர்களில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. இராசராசன் ஆட்சிக்கு வந்தது 985, இராசேந்திரன் ஆட்சிக்கு வந்தது 1012 என்று கொண்டால், இடையில் சுமார் 13 ஆண்டுகள் அந்த ஊரின் கணக்கெல்லாம் சுவரில் இல்லை, ஒரு புத்தகத்துக்குள் இருந்தது.

அந்தப் புத்தகம் ஏதோ ஒரு பெட்டியில், யாரோ ஒருவருடைய பொறுப்பில் 13 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். மழைக்கும் தீக்கும் கரையானுக்கும் தப்பி இருந்திருக்க வேண்டும். கட்டிய மன்னன் பெயர் நமக்குத் தெரியும். புத்தகத்தை வைத்திருந்தவர் பெயரை நாம் அறியோம். வெளி வட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயரில்லாத மனிதரின் நினைவு வரும்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிய சுவரில் வெட்டியவர் புதிய சிற்பி. எழுத்து அவர் காலத்து எழுத்து. செய்தி பிழைத்தது, பழைய கையெழுத்து போய்விட்டது. கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எழுப்பியபோதும் இதேபோலப் பழைய கல்வெட்டுகளைத் திரும்ப வெட்டச் செய்தார். அங்கே வெட்டியவர்கள், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் சேர்த்து வெட்டினார்கள். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. படி என்று சொல்லிவிட்டால், மூலம் ஒன்று இருந்தது என்பது நிலைக்கிறது. ஒருங்குறிக்கு மாற்றிய ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், இது படி, மூலம் இந்த வட்டில் இந்தக் கோப்பு, என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பூ இருந்த இடத்தில் ‘பூ’ என்றே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன்.

உ.வே.சாமிநாதையர் இளமையில் தமிழ் கற்றது இந்தச் சீமையில்தான். அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் பாடம் கேட்டார். குன்னத்திலும் சிறிது காலம் இருந்து படித்தார். பின்னாளில் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஒரு நூலுக்கு ஒரு பிரதி போதும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் பதிப்பு வந்திருக்காது. பிரதிகள் பல, அவை பல ஊர்களில், பல கைகளில் இருந்தன. ஒன்றில் சிதைந்தது இன்னொன்றில் பிழைத்திருந்தது. ஆகவே வாத்தியாரின் வட்டுக்கும் இரண்டு படிகள் செய்தோம். மெய்நிகர் வட்டுக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. கோப்பை அப்படியே படியெடுத்தால் எண்ணும் படியாகிவிடும். ஒரே கணினியில் இரண்டையும் சேர்க்கப் பார்த்தால் மென்பொருள் மறுத்துவிடும். வேறு வேறு கணினிகளில் பயன்படுத்துவதற்குத் தடையில்லை. ஒரு படி என்னிடம், ஒரு படி அக்காவிடம்.

*

அக்காவிடம் ஒரு படி என்பதோடு காரியம் முடியவில்லை. இணையத்தில் ஏற்றிவிடலாம் என்பது என் விருப்பமாக இருந்தது. பலரும் படிக்கட்டும், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும், எங்கோ ஒரு சேமிப்பகத்தில் பத்திரமாகவும் இருக்கும். வெளி வட்டு பழுதாகலாம், திருடு போகலாம், கீழே விழலாம். அக்கா ஒப்பவில்லை.

ஒப்பாரியில் பெண்கள் செத்தவரை மட்டும் பாடுவதில்லை. சீர் செய்யாத அண்ணனைப் பாடுவார்கள், சோறு போடாத மருமகளைப் பாடுவார்கள், குடித்தழித்த புருஷனைப் பாடுவார்கள். வாசலில் பிணம் கிடக்கும் அந்த ஓர் இரவில் அவர்களுக்கு எதையும் சொல்ல அனுமதி உண்டு. விடிந்தால் அந்த அனுமதி முடிந்துவிடும். வாத்தியார் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் பாடியவர் பெயர், ஊர், யாருடைய சாவு என்று எழுதி வைத்திருக்கிறார். ஆய்வுக்கு அது பொன். அக்காவுக்கு அது வேறு. “பாடுனவங்க பேத்தி இன்னமும் இந்தத் தெருவுலதான் தம்பி இருக்கா. ஊரு ஒலகமெல்லாம் பாக்குற மாதிரி போட்டுட்டா, நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது? அப்பாவ நம்பித்தான பாடுனாங்க?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடலாம் என்றேன். பாட்டுக்குள்ளேயே பெயர் வருகிறதே என்றார். அதுவும் உண்மை. பெயரை எடுத்துவிட்டால் எதுகை போய்விடும். எதுகை போனால் பாட்டே போய்விடும்.

நெடுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நடவுப்பாட்டும் தாலாட்டும் எல்லோருக்கும் உரியவை. பாடியவர்களின் குடும்பத்தாரைக் கேட்டு, சம்மதித்தவர்களின் பாட்டுகளை ஒருங்குறியில் நண்பர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஒப்பாரிகள் இரண்டாம் வட்டில், அக்காவின் பீரோவில் இருக்கும். படிக்க விரும்புகிறவர் விக்கிரமங்கலத்துக்கு வரலாம். அக்கா வட்டை எடுத்துச் செருகி, பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார். பூ வரும் இடத்தில் நிறுத்தச் சொல்வார்.

மேகக் கணினிச் சேமிப்பில் இருந்தால் பத்திரம் என்பார்கள். எதிலிருந்து பத்திரம் என்பதுதான் கேள்வி. தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் அது காக்கக்கூடும். தெருவில் ஒரு பெண்ணின் முகத்தில் விழிக்க முடியாமல் போவதிலிருந்து அது காக்காது. எழுத்துகளை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனி வட்டில் வைத்ததும், அந்த வட்டைக் கணினியிலிருந்து பிரித்து வெளியே வைத்ததும் இடவசதிக்காக நான் தொடங்கிய காரியங்கள். அந்தப் பிரிவினையே அக்காவுக்கு ஓர் உரிமையைக் கொடுத்துவிட்டது. பொறி யாருடையதாகவும் இருக்கலாம், பழுதானால் வேறு பொறி. சொல் அவர் கைக்குள் இருக்கிறது. அவர் செருகினால்தான் திறக்கும்.

இந்த ஏற்பாடு எத்தனை காலம் தாங்கும் என்றால், அதிக காலம் அல்ல. சுழலும் வட்டு எத்தனையாண்டு உழைக்கும் என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்குப் படியெடுத்தாக வேண்டும். படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புக் குறி உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் 64 எழுத்தும் எண்ணுமாகச் சுருங்கும் ஒரு வரி அது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுக்க வேறாகிவிடும். அந்த வரியை அக்கா வீட்டுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்து, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் படிக்கும் மகன் சரிபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

உ.வே.சா. காலத்தில், ஆடிப்பெருக்கில் பழைய சுவடிகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். எத்தனை நூல்கள் அப்படிப் போயினவோ. அக்கா ஆடிப் பதினெட்டன்று கொள்ளிடத்துக்குப் போய்வந்த பிறகு வட்டை வெளியே எடுக்கிறார். செருகி, சுழலவிட்டு, சரிபார்த்து, ஒரு பாட்டைத் திறந்து படித்துவிட்டு மூடுகிறார். தை மாதத்தில் இன்னொரு முறை. சென்ற ஆடியிலும் அந்த 64 எழுத்தும் எண்ணும் ஒத்திருந்தன.